எந்த எண்ணிலும் நிற்காத வளையம்: ஒரு மலிவு 35 மி.மீ. லென்ஸ் பற்றி

லென்ஸ் இந்தக் கிழமைதான் திருத்தவேலை முடிந்து கைக்கு வந்தது. அதே நேரம் பார்த்து ஒன்றுவிட்ட தம்பி ஒருவன், "அண்ணா, நீங்கள் வைத்திருக்கிற அந்த 35ஐ நானும் வாங்கட்டா?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தான். ஓம், இல்லை என்று ஒரு வரியில் சொல்ல முடியவில்லை. எழுத எழுத நீண்டுவிட்டது.

கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சீனாவில் பல கம்பெனிகள் இந்த ரக லென்ஸை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் செய்கின்றன. நான் சொல்லும் குறை அவற்றில் பலதிலும் உண்டு. ஏபிஎஸ்-சி என்கிற சின்ன ரகச் சென்சருக்கான 35 மி.மீ., எஃப் 1.4 (இந்த எஃப் எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் கூட வரும்), முழு உலோக உடம்பு, கையால்தான் ஃபோகஸ், கமராவோடு எந்த மின் தொடர்பும் கிடையாது. மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு போதும்.

பிரச்சினை அப்பேர்ச்சர் வளையம், அதாவது வெளிச்சம் வருகிற துவாரத்தைப் பெரிதாக்கிச் சிறிதாக்குகிற வளையம். அதில் 1.4, 2, 2.8 என்று எண்கள் அழகாகப் பொறித்திருக்கின்றன. ஆனால் வளையம் எந்த எண்ணிலும் நிற்காது. திருப்பும்போது டிக் டிக் என்று விழ வேண்டிய இடங்களே இதில் இல்லை. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு எண்ணெய் பூசியதுபோல் வழுக்கிக்கொண்டு போகிறது. போதாததற்கு எண்களுக்கிடையே சம இடைவெளியும் கிடையாது. 1.4க்கும் 2க்கும் நடுவில் தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள். 8, 11, 16 மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. வெயிலில் 8 என்று நினைத்து வைத்தால் அது 11ஆகவும் இருக்கலாம்.

புதிதாக வாங்கியபோது வளையம் கொஞ்சம் இறுக்கமாக இருந்ததால் இது பெரிதாகத் தெரியவில்லை. கொழும்பு வெக்கையில் உள்ளே இருக்கும் கிறீஸ் இளகி, காலப்போக்கில் வளையமும் தளர்ந்துவிட்டது. பையிலிருந்து எடுக்கும்போது துணி உரசினால் நகரும். ஃபோகஸ் வளையத்தைத் தேடிப் போகிற விரல் பட்டாலும் நகரும். கமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு புறக்கோட்டை நெரிசலுக்குள் நடந்துவிட்டு வந்தால் அது எங்கே நிற்கும் என்று சொல்லவே முடியாது.

நகர்ந்தது அப்போதே தெரிந்தால் திருப்பி வைத்துவிடலாம். தெரியாது என்பதுதான் ஆகப் பெரிய கொடுமை. நான் அப்பேர்ச்சர் ப்ரையோரிட்டியில் எடுப்பவன், அதாவது அப்பேர்ச்சரை நான் வைப்பேன், ஷட்டர் வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். வெளிச்சத்துக்கான சென்சரின் உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வின் உச்சத்தை 3200இல் நிறுத்தி வைத்திருக்கிறேன். லென்ஸ் 1.4இலிருந்து 2.8க்கு நழுவினால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகிவிடும். கமராவுக்குக் காரணம் தெரியாது, வெளிச்சம் குறைந்தது மட்டும் தெரியும். ஐ.எஸ்.ஓ. ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால், 1/125 நொடியாக இருந்த ஷட்டரை 1/30 நொடிக்கு இறக்கிவிடும். திரையில் படம் வழக்கமான வெளிச்சத்தோடு நன்றாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரியும், அசைந்த எல்லாமே இழுபட்டிருக்கிறது என்று.

ஆடிவேல் காலத்தில் எனக்கு நடந்தது இதுதான். செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட தேர் பம்பலப்பிட்டிப் பக்கம் வந்துகொண்டிருந்த இரவு. தவில்காரரின் கை, காவடி ஆடிய பெடியனின் முகம், தேரின் மின்விளக்குகள் பின்னால் கரைந்து நிற்கிற பின்னணி. 1.4 இருப்பதே இப்படியான இரவுகளுக்குத்தான். நடுவில் எங்கோ வளையம் நகர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு எடுத்ததில் தேர் கூர்மையாக நிற்கிறது, ஆட்கள் எல்லோரும் புகைபோல் கலைந்திருக்கிறார்கள். அந்தப் பெடியனின் அந்த முகம் திரும்பக் கிடைக்காது. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது.

எந்தப் படத்தில் நகர்ந்தது என்று பார்க்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மின் தொடர்பு இல்லாத லென்ஸ் என்பதால் படத்தின் தகவலில் அப்பேர்ச்சர் பதிவாகாது, அந்த இடம் வெறுமையாகவே கிடக்கும். ஷட்டர் வேகம் திடீரென்று விழுந்த இடத்தைப் பார்த்து நாமே ஊகிக்க வேண்டியதுதான்.

வளையத்தை இப்படிச் செய்வதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீடியோ எடுப்பவர்களுக்கு டிக் சத்தம் ஆகாது. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சத்தை மெல்லக் கூட்டிக் குறைக்க அவர்களுக்கு வழுக்கும் வளையம் வேண்டும். அது நியாயமான தேவை. சோனியின் விலை கூடிய 35 மி.மீ. ஜிஎம் லென்ஸிலும் சிக்மாவின் ஆர்ட் வரிசை 35 மி.மீ. எஃப் 1.4இலும் டிக்கை வேண்டியபோது நிறுத்திக்கொள்ள ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மலிவு லென்ஸில் சுவிட்சை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஃபோட்டோ எடுப்பவர்களும் இதை நம்பித்தானே வாங்குகிறார்கள்? வளையத்துக்கு ஓர் இறுக்கமாவது கொடுத்திருக்கலாம்.

லென்ஸ் திருத்துகிற கடைக்கார நானா அதைக் கழற்றிக் காட்டியபோது என் கோபம் இரட்டிப்பானது. பழைய லென்ஸ் ஒன்றையும் பக்கத்தில் திறந்து வைத்திருந்தார். அதில் வளையத்துக்கு அடியில் சின்ன இரும்புப் பந்து ஒன்று, அதைத் தள்ளிக்கொண்டு ஒரு சுருள் வில், வளையத்தின் உட்புறத்தில் வரிசையாகப் பள்ளங்கள். பந்து பள்ளத்தில் விழும்போதுதான் அந்த டிக். "இதுக்குள்ள பந்தும் இல்ல, பள்ளமும் இல்ல மகன், வெறும் கிறீஸ்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்றார். பழைய கிறீஸைத் துடைத்துவிட்டு இன்னும் தடித்த ஒன்றைப் பூசித் தந்திருக்கிறார். இப்போது வளையம் நன்றாக இறுகி நிற்கிறது. அடுத்த வெக்கை வரைக்கும் தாங்கும் என்று நினைக்கிறேன்.

சரி, இவ்வளவு கோபம் இருக்கிறதே, ஏன் இன்னும் வைத்திருக்கிறாய் என்று கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள். 200 சொச்சத்தில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 360 பக்கம் போய்விட்டது. கமரா கம்பெனிகளின் சொந்த எஃப் 1.4 லென்ஸ்களை நான் கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பதோடு சரி என்று ஆனது அப்போதுதான். கமராவோடு வந்த 16-50 லென்ஸை முழுதாக நீட்டினால் எஃப் 5.6தான். 1.4க்கும் அதற்கும் நான்கு ஸ்டொப் வித்தியாசம். ஒவ்வொரு ஸ்டொப்பும் வெளிச்சத்தை இரட்டிப்பாக்கும், அதாவது பதினாறு மடங்கு வெளிச்சம். அங்கே ஐ.எஸ்.ஓ. 12800 வைத்துப் புள்ளி புள்ளியாக எடுக்க வேண்டிய படத்தை இங்கே 800இல் சுத்தமாக எடுக்கலாம். அந்தப் பதினாறு மடங்கை என் கைக்கு எட்டும் விலையில் கொண்டுவந்து தந்தது இந்த லென்ஸ்தான். அதை நான் மறக்கவில்லை.

வெள்ளவத்தையில் சொந்தக்காரர் ஒருவரின் தொடர்மாடி வீட்டில் பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு. சின்ன ஹோல், ஒரு ஜன்னல், அதையும் திரையால் மூடியிருந்தார்கள். வெளிச்சம் என்று சொன்னால் குத்துவிளக்கும் ஆசாரியாரின் தணலும் மட்டும்தான். ஃபிளாஷ் அடித்து அந்த இடத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வளையத்தை 1.4இல் முட்ட வைத்து, நகராமல் இருக்க மின்கம்பிக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தேன். தணலின் சிவப்பு ஆசாரியாரின் கன்னத்தில் விழுந்திருக்கிறது. பின்னால் குனிந்து பார்க்கிற மாப்பிள்ளையின் தாய் மென்மையாகக் கரைந்து நிற்கிறார். அந்த அம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்.

கண்ணாடி என்று பார்த்தால் குறை இல்லாமல் இல்லை. 1.4இல் விளக்குச் சுடரின் ஓரத்திலும் தங்க நகையின் பளபளப்பிலும் ஊதா விளிம்பு வரும். தெருவிளக்கு சட்டத்துக்குள் வந்தால் படம் வெளிறும். மூலைகள் மங்கல். 2.8க்கு வந்தால் பெரும்பாலானவை போய்விடும். இவை எதுவும் எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை. கொடுத்த காசுக்கு இது நியாயமான பேரம்.

எதிர்பாராமல் கிடைத்த சந்தோஷம் ஃபோகஸ் வளையம். அப்பேர்ச்சர் வளையத்தை இப்படிச் செய்த அதே ஆட்கள் இதை எப்படி இவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்று எனக்கு விளங்கவேயில்லை. நீண்ட சுற்று, சீரான கனம். கூர்மையாக விழுந்த இடத்தைத் திரையில் நிறத்தால் காட்டுகிற ஃபோகஸ் பீக்கிங்கைப் போட்டுக்கொண்டு, ஒரு முகத்தின் இமையிலிருந்து காதுக்கு மெல்ல நகர்த்தும்போது விரலுக்கே படம் தெரிகிறது. காலி முகத்திடலில் பட்டம் விடுகிற பிள்ளைகளை எடுக்கும்போது தூரத்தை முன்கூட்டியே வைத்துவிட்டு அவர்கள் அந்தத் தூரத்துக்கு ஓடிவரும்வரை காத்திருக்கப் பழகிவிட்டேன். ஒட்டோ ஃபோகஸ் லென்ஸ் கையில் இருந்த காலத்தில் நான் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மழையைப் பற்றியும் ஒரு வார்த்தை. லென்ஸைக் கமராவில் பூட்டுகிற இடமான மவுண்டில் ரப்பர் வளையம் இல்லை, ஆகவே ஒக்டோபர், நவம்பர் மாத மாலை மழையில் வெளியே எடுக்கக் கூடாது. கடலோரம் குடியிருப்பவர்கள் பூஞ்சைக்கும் உப்புக் காற்றுக்கும் பயப்படத்தான் வேண்டும். நான் இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நிறம் மாறியதும் ஜெல்லைச் சூடாக்கி ஈரத்தைப் போக்கித் திரும்பப் போடுகிறேன். நானா திறந்து பார்த்தபோது உள்ளே பூஞ்சை இல்லை. மோட்டாரும் சர்க்கிட்டும் இல்லாத லென்ஸ் என்பதால் கழற்றிப் பூட்டுவதும் அவருக்குப் பெரிய வேலையாக இருக்கவில்லை.

இனித் தம்பிக்கு. நீ வைத்திருப்பது கெனன் ஆர் 50. சோனி தன் இ மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை 2011லேயே மற்றக் கம்பெனிகளுக்குத் திறந்துவிட்டது. கெனன் உன் கமராவில் இருக்கிற ஆர்எஃப் மவுண்டை மற்றவர்களுக்குக் கொடுக்காமல் நீண்ட காலம் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் உன் போன்றவர்களுக்கு மலிவாகக் கிடைத்தவை பெரும்பாலும் என்னுடையது மாதிரி மின் தொடர்பில்லாத லென்ஸ்கள்தான். 2024இல் சிக்மாவுக்கும் டம்ரோனுக்கும் ஏபிஎஸ்-சி லென்ஸ்களுக்கு அனுமதி கிடைத்தது. இப்போது சிக்மாவின் 30 மி.மீ. எஃப் 1.4 உன் கமராவுக்கே ஒட்டோ ஃபோகஸோடு வருகிறது. அதில் அப்பேர்ச்சர் வளையமே இல்லை, கமராவிலிருந்து மாற்ற வேண்டும். நகர்ந்துவிடுமோ என்ற பயமும் இல்லை. காசு கூடத்தான். அவ்வளவு முடியாது, கையால் ஃபோகஸ் செய்வது பரவாயில்லை என்றால் டிடி ஆர்ட்டிசனின் 35 மி.மீ. எஃப் 1.4ஐப் பார். என்னுடையதைப் போலவே சின்ன உலோக லென்ஸ், அதன் வளையம் டிக் என்று விழும்.

என்னுடைய ரகத்தை மட்டும் வாங்காதே. பொன்னுருக்குப் படத்தையும் ஃபோகஸ் வளையத்தையும் பற்றி இவ்வளவு சொன்ன பிறகும் இதைத்தான் சொல்வேன். என்னுடையதை விற்பேனா என்று சென்ற கிழமை ஒருவர் கேட்டார், நல்ல விலைதான் சொன்னார். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்கும் உனக்குச் சொல்லும் புத்திமதிக்கும் சம்பந்தமில்லை.

கடையில் வேறு ஏதும் மலிவு லென்ஸைக் காட்டினால், கண்ணாடியை உற்றுப் பார்ப்பதற்கு முன்னால் அப்பேர்ச்சர் வளையத்தை நடுவில் ஓர் எண்ணில் வை. லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து மெல்லக் குலுக்கு, அப்புறம் சட்டைத் துணியில் ஒரு தடவை உரசிப் பார். வைத்த எண்ணிலேயே நின்றால் விலையைக் கேள். நகர்ந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு.