சுண்ணாம்புச் சூளை ஆபரேட்டர் வேலை: காளவாயா, காகித ஆலையா, உருக்காலையா, சிமென்டா?

சுண்ணாம்புச் சூளையில் ஆபரேட்டர் வேலை வந்திருக்கிறது, போகலாமா, பத்து வருஷம் கழித்தும் இந்த வேலை இருக்குமா என்று ஐ.டி.ஐ. முடித்தவர்களும் கெமிக்கல் டிப்ளமோ முடித்தவர்களும் கேட்கிறார்கள். எந்தச் சூளை என்று தெரியாமல் பதில் சொல்லவே முடியாது. ஊர் ஓரத்துக் காளவாயும் சூளைதான், காகித ஆலைக்குள் படுத்த வாக்கில் மெதுவாக உருளும் நீளமான குழாயும் சூளைதான், உருக்காலையில் பல மாடி உயரத்துக்கு நிற்பதும் சூளைதான். சேரும் நாளில் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும், ஐந்து வருஷத்தில் மூன்றிலும் சேர்ந்தவர்கள் வெவ்வேறு நிலையில் இருப்பார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சுண்ணாம்பை விற்றுப் பிழைக்கிற இடத்தைவிட, சுண்ணாம்பு இல்லாமல் ஓடவே முடியாத ஆலைக்குள் இருக்கும் சூளைக்குப் போங்கள்.

எல்லாச் சூளையிலும் நடப்பது ஒரே காரியம்தான். சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 900 டிகிரிக்கு மேல் சுட்டால் உள்ளிருக்கும் கரியமில வாயு வெளியேறி சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். சுத்தமான கல் 100 கிலோ போட்டால் 56 கிலோதான் கிடைக்கும், 44 கிலோ காற்றில் போய்விடும். சூடு குறைந்தால் கல்லின் நடு வேகாமல் பச்சையாக நின்றுவிடும். சூடு கூடினால் மேல்பக்கம் இறுகிப்போய், தண்ணீர் ஊற்றினாலும் சீக்கிரம் நீறாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நெருப்பைப் பிடித்து நிறுத்துவதுதான் ஆபரேட்டரின் வேலை. மற்றதெல்லாம் கருவி.

முதலில் நாட்டுக் காளவாய். மேலிருந்து கல்லும் கரியும் அடுக்கடுக்காகப் போட்டு, அடியிலிருந்து வெந்ததை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். மீட்டர் கிடையாது. அனுபவசாலி ஒரு கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார், நன்றாக வெந்த கல் அதே அளவுப் பச்சைக்கல்லைவிடப் பாதி எடைதான் இருக்கும், கையில் கனத்தால் உள்ளே வேகாத கரு இருக்கிறது என்று அர்த்தம். இந்தக் கைக்கணக்கை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அந்தத் திறமைக்கு இங்கே விலை இல்லை, அதுதான் வருத்தம். பெரும்பாலும் லோடு கணக்கில் அல்லது தினக்கூலியாகத்தான் பணம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இருந்தால் அதிர்ஷ்டம், மழைக்காலத்தில் வேலை இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

சந்தையும் சுருங்கிவிட்டது. கட்டடத்துக்குச் சிமென்ட் வந்தது, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வீடுகளில் டிஸ்டெம்பரும் எமல்ஷனும் வந்துவிட்டன. மிஞ்சியிருப்பது தோல் பதனிடும் ஆலைகள் (ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோலில் முடி நீக்கச் சுண்ணாம்பு வேண்டும்), சர்க்கரை ஆலைகள், இறால் பண்ணைகள், சாயக்கழிவு சுத்திகரிப்பு. இவை எல்லாம் வாங்குகிற இடங்கள். யார் மலிவாகக் கொடுக்கிறார்களோ அவர்களிடம் வாங்குவார்கள். ராஜஸ்தானின் நாகௌர் மாவட்டத்து கோட்டன், மத்தியப் பிரதேசத்துக் கட்னி மாதிரி இடங்களில் வரிசையாகச் சூளைகள் இருக்கின்றன, அங்கே கல்லும் தரம், அளவும் பெரிது. சின்னக் காளவாய் அதோடு விலையில் மோத முடியாது.

ஒரு சின்ன வாசல் மட்டும் திறந்திருக்கிறது: பழைய கோயில், அரண்மனை, செட்டிநாட்டு வீடு புதுப்பிக்கும் வேலை. அதற்குச் சிமென்ட் ஆகாது, சுண்ணாம்புக் காரைதான் வேண்டும், கடுக்காய், வெல்லம் சேர்த்து அரைக்கத் தெரிந்த ஆட்களுக்கு இப்போது நல்ல மரியாதை. நல்லதுதான், ஆனால் அந்தக் காசு கொத்தனாருக்கும் பூச்சுக்காரருக்கும் போகிறது, சூளை போடுபவருக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். சொந்தமாகச் சூளை வைத்து, நீற்றிப் பதப்படுத்திப் பூச்சுக்குத் தயாராக விற்கிறவர் என்றால் கணக்கு வேறு. கூலிக்கு நிற்பவருக்கு அது எதிர்காலம் ஆகாது.

அப்புறம் உயிர் ஆபத்து. அடுக்குச் சூளையில் கரி அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிருக்குச் சூளை ஓரம் படுத்தவர்கள் எழுந்திருக்காமலே போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. இந்த வேலையில் இருந்தால் இரவில் எவ்வளவு குளிரினாலும் சூளை வாய் ஓரத்தில் படுக்காதீர்கள், மேலே ஏறிக் கல் தள்ளும்போது தனியாகப் போகாதீர்கள்.

காகித ஆலைக்கு வருவோம். நான் அதிகம் பேச விரும்புவது இதைப் பற்றித்தான், ஏனென்றால் இங்கே சூளை இருப்பதே பலருக்குத் தெரியாது. மரத்தைக் கூழாக வேகவைக்க காஸ்டிக் சோடா வேண்டும். வெந்தபின் மிஞ்சும் கறுப்புக் கழிவுநீரை, அதாவது பிளாக் லிக்கரை, ரிகவரி பாய்லரில் எரித்து, உருகி வரும் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் கிரீன் லிக்கர். அதில் சுட்ட சுண்ணாம்பைப் போட்டால் காஸ்டிக் திரும்பக் கிடைக்கும், சுண்ணாம்பு மறுபடி கல்லின் வேதிப்பொருளாகவே மாறிச் சேறாக அடியில் தங்கும். அந்தச் சேற்றை வடிகட்டி, உலர்த்தி, உருளும் சூளையில் சுட்டால் மறுபடியும் சுண்ணாம்பு. இப்படி ஒரே சுண்ணாம்பு சுற்றிச் சுற்றி வரும். சூளை நின்றால் ஆலை வெளியில் சுண்ணாம்பு வாங்கி ஓட்டலாம்தான், ஆனால் செலவு ஏறும், சேறு மலையாகக் குவியும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். அதனால் சூளை ஆபரேட்டரின் வேலைக்கு ஆலைக்குள் கனம் இருக்கிறது.

வேலை எப்படி இருக்கும்? பாதி நேரம் பேனல், பாதி நேரம் ஃபீல்ட். பேனலில் சூளையின் பின்முனை வெப்பநிலை, புகைவாயுவில் ஆக்சிஜன், புகையை இழுத்து வெளியேற்றும் ஐ.டி. ஃபேனின் இழுவை, சேற்றின் ஈரம் எல்லாம் வரும். வெளியே வரும் சுண்ணாம்பில் சுடாமல் மிஞ்சிய கார்பனேட் சுமார் 2 சதவீதத்தில் இருக்க வேண்டும் என்று லேப் பார்க்கும். அதைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று பர்னரை ஏற்றினால் எண்ணெயும் வீண், சுண்ணாம்பும் இறுகிவிடும். ஃபீல்டில் போனால் முன்முனைக் கண்ணாடி வழியே சுடரைப் பார்க்கலாம், விழும் உருண்டைகள் கோலிக்குண்டு அளவில் சீராக வந்தால் நிம்மதி, தேங்காய் அளவுக் கட்டிகள் வந்தால் சூளையின் உள்சுவரில் ரிங், அதாவது வளையமாகச் சுண்ணாம்பு, படிந்து உடைகிறது என்று பயம் வரும். சேற்றைச் சரியாகக் கழுவாமல் சோடியம் மிஞ்சினால்தான் பெரும்பாலும் ரிங் பிடிக்கும், ஆக சூளையில் வரும் தொல்லைக்குக் காரணம் இரண்டு செக்‌ஷன் முன்னால் இருக்கும். அமெரிக்க ஆலைகளில் இந்த வளையத்தை உடைக்கத் தனியாகத் தயாரித்த துப்பாக்கியால் சுடுவார்கள். இதையெல்லாம் கற்றவருக்கு காஸ்டிக்கைத் திரும்ப எடுக்கும் காஸ்டிசைசிங், லிக்கரைக் கெட்டியாக்கும் எவாப்பரேட்டர், ரிகவரி பாய்லர் என்று பக்கத்து இடங்கள் எல்லாம் திறந்திருக்கும்.

ஆனால் எல்லாக் காகித ஆலையும் இப்படி இல்லை. பழைய பேப்பரை ஊறவைத்து அட்டை தயாரிக்கும் ஆலையில் இந்தச் சுழற்சியே கிடையாது. இப்போது வளர்வது பேக்கேஜிங் அட்டை, அதில் பெரும்பகுதி பழைய பேப்பரிலிருந்துதான் வருகிறது, அங்கே போய்ச் சுண்ணாம்புச் சூளை தேடினால் இருக்காது. வைக்கோல், கரும்புச் சக்கை கூழாக்கும் ஆலைகளில் இன்னொரு சிக்கல், சக்கையில் சிலிகா உண்டு, அது சேற்றில் சேர்ந்துகொண்டே போவதால் முழுவதையும் திரும்பச் சுட முடியாது, ஒரு பங்கை வெளியே எடுத்தாக வேண்டும். கரூர் புகளூரில் சக்கையை நம்பித் தொடங்கிய தமிழ்நாடு அரசுக் காகித ஆலையான டி.என்.பி.எல். சுண்ணாம்புச் சேற்றையும் நிலக்கரிச் சாம்பலையும் சேர்த்துச் சிமென்ட் தயாரிக்கத் தனி ஆலையே போட்டது.

உருக்காலைச் சூளை தொழில்நுட்பத்தில் எல்லோரையும்விட முன்னால் நிற்கிறது. இரட்டைத் தண்டுச் சூளை என்று ஒன்று உண்டு, ஒரு தண்டில் எரியும், அதன் புகை மற்றதிலுள்ள கல்லைச் சூடாக்கும், பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை திசை மாறும். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு வேதியியல் கணக்குப்படியே சுமார் 760 கிலோகலோரி வேண்டும், இந்தச் சூளை 850, 900க்குள் முடித்துவிடும். காளவாய் இதன் பக்கத்தில்கூட வராது. உருக்குக்கு வேண்டியது மென்மையாகச் சுட்ட, சுறுசுறுப்பான சுண்ணாம்பு. அதைச் சோதிக்கும் முறை எனக்கு மிகவும் பிடிக்கும்: 20 டிகிரித் தண்ணீர் 600 கிராமில் 150 கிராம் சுண்ணாம்பைப் போட்டுக் கலக்கி, 60 டிகிரி தொட எத்தனை நேரம் ஆகிறது என்று பார்ப்பார்கள். இரண்டு நிமிஷத்துக்குள் என்றால் நல்ல சுண்ணாம்பு, ஆறு நிமிஷம் தாண்டினால் முற்றிவிட்டது.

எதிர்காலத்துக்கும் குறை இல்லை. 2017 தேசிய உருக்குக் கொள்கை 2030-31க்குள் 30 கோடி டன் திறன் என்று இலக்கு வைத்தது. ஹைட்ரஜன், மின்உலை என்று உருக்குத் தயாரிப்பு மாறினாலும் மின்உலைக்கும் சுண்ணாம்பு வேண்டும், அதனால் கரி போனாலும் சூளை போகாது. குறை எங்கே என்றால், பல உருக்காலைகளில் சூளையை வெளி நிறுவனத்துக்குக் கான்ட்ராக்ட் விட்டுவிடுகிறார்கள். கேட்டில் இருக்கும் பெயர்ப்பலகை ஒன்று, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் வேறு. ஆர்டர் வாங்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் உருக்காலைகளும் குறைவு, ஒடிசா, ஜார்க்கண்ட், கர்நாடகம் என்று கிளம்பத் தயாராக இருக்க வேண்டும்.

சிமென்ட் சூளை கண்டிப்பாக ஒப்பிட வேண்டியது, ஏனென்றால் அரியலூரிலும் டால்மியாபுரத்திலும் தாழையூத்திலும் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. 1450 டிகிரி, கன்ட்ரோல் ரூம் நாற்காலி, ஏறுவதற்குத் தெளிவான படிகள், இந்தியா முழுக்க ஆலைகள். சம்பளமும் மரியாதையும் நிலையானது. ஆனால் ஒரு நாளைக்குப் பல ஆயிரம் டன் கிளிங்கர் (அரைத்துச் சிமென்டாக்கும் சுட்ட கட்டி) ஓட்டும் சூளைக்கு ஷிஃப்டுக்கு ஒரு நாற்காலிதான், அதற்கும் பெரும்பாலும் டிகிரி கேட்கிறார்கள். சுட்ட களிமண் சேர்த்துக் கிளிங்கரைக் குறைக்கும் எல்.சி.3 சிமென்டுக்கு 2023ல் இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், களிமண் சுடவும் சூளைதான் வேண்டும்.

கரியமில வாயு விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதில்லை. காளவாயிலும் சிமென்டிலும் கல்லுக்குள்ளிருந்தே வாயு வருவதால் சோலார் போட்டாலும் அது நிற்காது. காகித ஆலைச் சேற்றிலிருந்து வரும் வாயுவின் கார்பனோ மரத்திலிருந்து வந்தது, அதைப் புதைபடிவ எரிபொருள் கணக்கில் சேர்ப்பதில்லை, பர்னர் எரிபொருள் மட்டும்தான் பிரச்சினை. 2023ல் அறிவித்த கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தில் சிமென்ட், காகிதம் இரண்டுமே வருகின்றன, ஆனால் காகித ஆலைச் சூளைக்கு வாயுவைக் குறைக்கச் சொல்லும் அழுத்தம் லேசாகத்தான் இருக்கும். மின்நிலையங்களில் புகைச் சுத்திகரிப்பு வந்தால் சுண்ணாம்புக்குக் கிராக்கி கூடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள், அங்கே பெரும்பாலும் போவது சுடாத கல்லின் பொடி, அதிலும் 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள்.

எனவே என் வரிசை இது: மரக்கூழ்க் காகித ஆலை முதலில், கம்பெனி ரோலில் எடுத்தால் உருக்காலை அதற்குச் சமம், டிகிரி இருந்தால் சிமென்ட், காளவாய் சொந்தத் தொழிலாக மட்டும். ஐ.டி.ஐ.யில் ஏ.ஓ.சி.பி. (கெமிக்கல் பிளான்ட் அட்டெண்டன்ட் ஆபரேட்டர்) அல்லது இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்தவர்கள் அப்ரென்டிஸாக நுழைவது எளிது. நுழைந்தபின் ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். சுண்ணாம்புச் சூளை ஓட்டச் சட்டப்படி தனி லைசென்ஸ் எதுவும் இல்லை, அதனால் உங்கள் பத்து வருஷ அனுபவத்தை வெளியில் காட்ட ஒரு காகிதம் இருக்காது. பாய்லருக்கு உண்டு. பக்கத்திலேயே ரிகவரி பாய்லர் இருக்கும்போது பாய்லர் அட்டெண்டன்ட் சான்றிதழுக்குத் தேவையான நாட்களைச் சேர்த்துப் பரீட்சை எழுதிவிடுங்கள், சூளை மூடினாலும் அது சோறு போடும்.

இன்டர்வியூவுக்குப் போகும் நாளில் சூளையைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், காட்டுவார்கள். சுண்ணாம்பை நீற்றும் இடத்துக்குப் பக்கத்தில் கண் கழுவும் குழாய் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் மிதித்துப் பாருங்கள். கண்ணில் சுட்ட சுண்ணாம்பு விழுந்தால் உடனே, நிறைய தண்ணீரில், விடாமல் கழுவ வேண்டும், அதற்கு மாற்று கிடையாது. அந்தக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் எவ்வளவு சம்பளம் சொன்னாலும் அங்கே சேராதீர்கள்.