ஐடாவா, ஏமியா, அசரியாவா: அழைப்பை யாரிடம் கற்பது?

மிஷனெரிக் கூட்டத்தின் கடைசி இரவில் "ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றதும் எழுந்து நிற்கும் வாலிபர்கள் பலர். வீட்டுக்குப் போன பிறகுதான் கேள்வி குடையும்: கூப்பிட்டது ஆண்டவரா, அன்று பாடிய பாட்டா? இதற்கு நம் பிரசங்கங்களில் திரும்பத் திரும்ப வரும் சாட்சிகள் மூன்று. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒன்று மற்றொன்றைப் போல இல்லை.

ஐடா ஸ்கடருக்கு மிஷனெரியாகும் ஆசையே கிடையாது. ராணிப்பேட்டையில் 1870-இல் மிஷனெரி டாக்டரின் மகளாகப் பிறந்தவர், அமெரிக்காவில் படித்துவிட்டு, உடல்நலம் குன்றிய தாயைக் கவனிக்கத் திண்டிவனம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று பேர் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியரைக் காப்பாற்றக் கேட்டார்கள். அப்பாவை அழைத்துப்போங்கள் என்றார் ஐடா. அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். ஐடா அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்து, 1899-இல் கார்னெலில் பட்டம் பெற்று, 1900-இல் வந்து சேர்ந்தார். வேலூர் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, மருத்துவமனை) அவர் வேலையிலிருந்து வளர்ந்தது. நம் பிரசங்கங்கள் அந்த ஓர் இரவோடு நின்றுவிடுகின்றன. பட்டம் வாங்கப் பிடித்த வருடங்களை யாரும் சொல்வதில்லை. அழைப்பு உண்மையா என்று காட்டியது அந்த வருடங்கள்தான் என்பேன்.

அயர்லாந்துக்காரரான ஏமி கார்மைக்கேல் கதை வேறு. 1892 ஜனவரியில் "போ" என்ற சொல் உள்ளத்தில் தெளிவாகக் கேட்டது என்றார். எங்கே போக வேண்டும் என்பதில்தான் தெளிவில்லை. சீனாவுக்குப் போக உடல்நிலை தடை. 1893-இல் ஜப்பான், அங்கும் உடல் ஒத்துழைக்கவில்லை. பிறகு கொஞ்ச காலம் இலங்கை. 1895-இல் பெங்களூர், அங்கிருந்து திருநெல்வேலிச் சீமை. கோயிலுக்கு ஒப்படைக்கப்பட இருந்த சிறுமி ஒருத்தி 1901-இல் தப்பி அவரிடம் வந்தபோதுதான் டோனாவூரில் குழந்தைகளைக் காத்து வளர்க்கும் வேலைக்கு வித்து விழுந்தது. இந்தியா வந்தபின் 1951-இல் இறக்கும்வரை அவர் தாய்நாடு திரும்பவில்லை. குரல் கேட்டவருக்கே இடம் தெரிய ஒன்பது வருடம் ஆனது. குரலே கேட்காதவர்கள் இந்தச் சாட்சியை அளவுகோலாக வைத்துக்கொண்டு கலங்க வேண்டியதில்லை.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்குத்தான் நாம் நேரம் கொடுப்பதில்லை. வெள்ளாளன்விளைப் பிள்ளை, ஒய்.எம்.சி.ஏ. (கிறிஸ்தவ வாலிபர் சங்கம்) செயலாளர். 1902-இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனெரி ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். நம் சபைகள் ஏன் செய்யவில்லை என்ற உறுத்தலோடு திரும்பியவர், 1903 பிப்ரவரியில் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்னின்றார். ஐதராபாத் நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல் பகுதி அதன் களமானது. முதலில் அவர் மற்றவர்களை அனுப்பினார், பணம் திரட்டினார், கூட்டம் கூட்டமாகப் பேசினார். ஊரையெல்லாம் போகச் சொல்கிற நான் ஏன் போகவில்லை என்பது பிறகுதான் தைத்தது. 1909-இல் செயலாளர் வேலையை விட்டுவிட்டுத் தோர்ணக்கல் போனார். தெலுங்கு ஊழியத்தில் மூழ்கினார். 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

எனக்கு அசரியாவின் வழிதான் நம் பிள்ளைகளுக்கு நெருக்கமாகத் தெரிகிறது. திண்டிவனத்து இரவு எல்லார் வாசலுக்கும் வராது. ஆனால் ஒரு களத்துக்காக ஜெபிக்கலாம், மாதாமாதம் காணிக்கை அனுப்பலாம், விடுமுறையில் போய்ப் பார்க்கலாம். அதற்குள் உறுத்தல் வளர்கிறதா, வற்றுகிறதா என்பது தெரிந்துவிடும். சபை மூப்பர்களும் கூட இருந்து பார்ப்பார்கள். இதிலும் ஓர் ஆபத்து உண்டு: அனுப்புகிற நாற்காலி வசதியானது, ஆயுசுக்கும் அதிலேயே உட்கார்ந்துவிடலாம். படிப்பு முடித்து ஏற்கெனவே நர்ஸாகவோ ஆசிரியராகவோ இருப்பவர்கள் மட்டும் ஐடாவிடம் போகட்டும். எந்தக் கைத்தொழில் எந்த ஊருக்குத் தேவை என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை.