சரிவு மனை: மண்ணை வெட்டுவதா, தூண் மேல் கட்டுவதா?

கோத்தகிரிப் பக்கம் மனை வாங்கியவர்களின் முதல் குழப்பம் இது.

செலவு: வெட்டுவது தொடக்கத்தில் மலிவு, தடுப்புச்சுவர் எழுப்பும்போது கணக்கு தலைகீழாகும். தூண்களுக்குக் கம்பியும் சிமென்ட்டும் முதலிலேயே கூடுதல்.

மழைநீர்: விஷயமே இங்கேதான். வெட்டிய மண் ஐப்பசி மழையில் ஊறிக் கனக்கும். தடுப்புச்சுவரில் நீர் வடியத் துளைகள் இல்லையென்றால் சுவர் வயிறு தள்ளி நிற்கும். 2009 நவம்பரில் நீலகிரி கண்ட மண்சரிவுகளை மறக்க முடியுமா? தூண் வீட்டின் அடியில் நீர் தன் பழைய வழியே போய்விடும்.

வசதி: வெட்டிய மனையில் முற்றம் கிடைக்கும், பாட்டிக்குப் படியேறும் வேலையில்லை. தூண் வீட்டில் அடிக்காற்றால் தரை சில்லிடும்.

சரிவு லேசாக இருந்து, வீட்டில் முதியவர்களும் இருந்தால் இடுப்பளவு வரை வெட்டலாம். செங்குத்தென்றால் தூண்தான், அதுவும் கெட்டி மண் வரை இறங்கியாக வேண்டும்.