முதல் தட்டு: ஜெர்க் சிக்கனா, கர்ரி கோட்டா?

டொராண்டோவின் எக்லின்டன் மேற்குப் பகுதியை லிட்டில் ஜமைக்கா என்பார்கள். அங்கே முதல்முறை சாப்பிடப் போகிறவர் பெரும்பாலும் இந்த இரண்டுக்கு நடுவில்தான் தடுமாறுவார்.

கர்ரி கோட், அதாவது ஆட்டுக்கறிக் குழம்பு, நமக்குப் பழகிய வழி. 1845 முதல் ஜமைக்காவின் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாகப் போன இந்தியர்களோடு போன குழம்பு. மஞ்சள் தூக்கல், தைம் என்ற மூலிகை இலையும் ஆல்ஸ்பைஸ் என்ற மசாலாக் காயும் சேர்வதால் மணம் வேறு. எலும்போடு வெட்டிய ஆட்டுத் துண்டுகள், பார்த்துக் கடிக்கவும்.

ஜெர்க் சிக்கன் அப்படியில்லை. அடிமைத்தளையிலிருந்து தப்பி மலைகளில் வாழ்ந்த மரூன்கள் வளர்த்தெடுத்த சமையல் இது. ஆல்ஸ்பைஸ், தைம், வெங்காயத்தாள், நல்ல காரமான ஸ்காட்ச் பானெட் மிளகாய் எல்லாம் அரைத்துப் பூசி ஊறவைத்து, புகையில் மெதுவாக வாட்டுவார்கள். ஜமைக்காவில் ஆல்ஸ்பைஸ் மரத்தின் விறகையே எரிப்பது வழக்கம். வெளிநாட்டில் பல கடைகளில் கரிதான். சிலவற்றில் வெறும் ஓவன் அடுப்பு. என்னைக் கேட்டால், புகை ஏறாத கோழி ஜெர்க்கே இல்லை.

அதனால் வாசலிலேயே புகை மணந்தால் ஜெர்க் கேளுங்கள். இல்லையென்றால் கர்ரி கோட். எதுவானாலும், ராஜ்மாவும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வேகவைத்த ரைஸ் அண்ட் பீஸ் கூடவே இருக்கட்டும்.