ரிமோட்டும் சிமுலேட்டரும்: நான்கு வருடம், மூன்று விதமான இணைப்பு

ரிமோட்டில் பறக்கும் மாடல் விமானத்துக்காக, அதே ரிமோட்டைக் கணினியோடு இணைத்துச் சிமுலேட்டரில் பழக ஆரம்பித்த புதிதில் எனக்கு ஒரு பிரச்சினை இருந்தது. ஸ்டிக்கை விட்டுவிட்டாலும் விமானம் மெல்ல வலப்பக்கம் சாயும். என் விரல்தான் சரியில்லை என்று முடிவு கட்டி, எப்போதும் ஒரு துளி இடப்பக்கம் பிடித்தபடியே ஓட்டிப் பழகினேன். இரண்டு மாதத்தில் அது கைப்பழக்கமாகிவிட்டது. அதே கையோடு மைதானத்துக்குப் போய் நிஜ விமானத்தை மேலே ஏற்றினால், அது இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போனது. நல்லவேளை, உயரம் இருந்ததால் தப்பித்தது.

அன்று இரவு ரிமோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நிஜ விமானத்துக்கும் சிமுலேட்டருக்கும் ஒரே மாடல் நினைவகத்தை, அதாவது ரிமோட்டில் ஒரு விமானத்துக்கென்று சேமித்த அமைப்புகளை, பயன்படுத்தி வந்திருக்கிறேன். மைதானத்தில் அந்த விமானம் நேராகப் பறக்க, எலரானின் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைத் தகடு) டிரிம்மை, அதாவது நடுநிலையைச் சற்றே நகர்த்தும் பொத்தானை, வலப்பக்கம் ஐந்தாறு கிளிக் தட்டி வைத்திருந்தேன். நிஜ விமானத்தில் அது இறக்கையின் கோணலுக்கு மருந்து. சிமுலேட்டருக்குள் இருக்கும் விமானத்துக்கோ எந்தக் கோணலும் கிடையாது. அதனால் அந்த ஐந்தாறு கிளிக்கை, நான் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளுவதாகவே அது எடுத்துக்கொண்டது.

நான்கு வருடத்தில் மூன்று விதமாக ரிமோட்டைக் கணினியோடு இணைத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் இதே கதைதான் வேறு வேஷத்தில் வந்தது. நான் பழியை விரல் மேல் போடுவேன், கோளாறு கேபிளிலோ அமைப்பிலோ உட்கார்ந்திருக்கும்.

முதல் முறை மைக் துளை வழியாக. என் பழைய ரிமோட்டில் யூஎஸ்பி கிடையாது, பின்பக்கம் ஒரு ட்ரெய்னர் போர்ட் மட்டும்தான். பயிற்சியாளரின் ரிமோட்டோடு மாணவனின் ரிமோட்டை இணைப்பதற்கான துளை அது. அதிலிருந்து வருவது பிபிஎம் சிக்னல். சேனல்கள், அதாவது ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் உரிய துடிப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக வரும், ஒவ்வொன்றின் அகலமும் 1000 முதல் 2000 மைக்ரோ நொடி வரை, ஸ்டிக் நடுவில் இருந்தால் 1500. இதைக் கணினியின் ஒலி உள்ளீட்டில் செருகினால், ஸ்மார்ட்ப்ரோப்போ ப்ளஸ் என்ற இலவச மென்பொருள் அந்த ஒலியைப் படித்து ஒரு ஜாய்ஸ்டிக்காக மாற்றித் தரும். சில ரிமோட்களில் இந்த சிக்னலின் வோல்டேஜ் மைக் உள்ளீடு தாங்குவதைவிட அதிகம். அதற்குக் குறுக்கே ரெசிஸ்டர் போட்ட கேபிள்தான் பாதுகாப்பு.

முதல் தடவை திரையில் விமானம் அசைந்தபோது வந்த சந்தோஷம் ஒரு வாரம்தான் நீடித்தது. ஹெலிகாப்டரை ஒரே இடத்தில் நிறுத்திப் பழகலாம் என்று பார்த்தால், மாடிப்படி ஏறுவது போலத் தட்டுத்தட்டாக நகர்கிறது. மறுபடி விரலைத்தான் திட்டினேன். உண்மையில் அது வெறும் கணக்கு. ஒலி அட்டை 44,100 ஹெர்ட்ஸில் இருந்தால் ஒலியை அது அளந்தெடுக்கும் ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் இடையே சுமார் 22.7 மைக்ரோ நொடி. ஸ்டிக்கின் முழு வீச்சே 1000 மைக்ரோ நொடிதான். வகுத்துப் பாருங்கள், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மொத்தமே 44 படி! ஒலி அமைப்பில் 192 கிலோ ஹெர்ட்ஸுக்கு மாற்றியதும் படிகள் 190ஐத் தாண்டின, ஹெலிகாப்டர் கொஞ்சம் மனிதத்தன்மையோடு நடந்துகொண்டது.

அத்தோடு விடவில்லை. இரைச்சல் நீக்கம், மைக் பூஸ்ட் என்று விண்டோஸ் தானாகச் செய்யும் உபகாரங்களை எல்லாம் அணைத்தால்தான் சிக்னல் ஒழுங்காக வரும். பேச்சைத் தெளிவாக்க வந்த வசதிக்கு நம்முடைய பிபிஎம் வெறும் இரைச்சல், வடிகட்டித் தூக்கி எறிந்துவிடும். ஹெட்போனுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே துளை இருக்கும் மடிக்கணினியில் இன்னொரு தலைவலி, செருகியது மைக் என்றே அது ஒப்புக்கொள்ளாது. ஆறு மாதத்தில் அலுத்துப்போனது. பழைய ரிமோட் மட்டும்தான் இருக்கிறது, பரிசோதித்துப் பார்க்கப் பொறுமையும் இருக்கிறது என்பவர்களுக்கு இன்றைக்கும் இது செல்லும் வழிதான். மற்றவர்கள் இதைத் தாண்டிப் போய்விடலாம்.

இரண்டாவது, டாங்கிள் என்ற சின்ன இணைப்புக் கருவி. ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் பல ரிமோட்டுகளுக்குப் பொருந்தும் விதவிதமான முனைகள், நடுவில் எந்த சிமுலேட்டர் என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன ஸ்விட்ச். செருகியதும் ஜாய்ஸ்டிக்காகத் தெரிந்தது, தனி மென்பொருள் வேண்டியதில்லை. மைக் துளையோடு மல்லுக்கட்டியவனுக்கு இது சொர்க்கம். எட்டு மாதம் ஒழுங்காக உழைத்தது. அப்புறம் ரிமோட் பக்கத்து முனை தளர ஆரம்பித்தது. மெல்லிய ஊசிகள் உள்ள வட்ட வடிவ முனை அது, ஒரு நாள் அவசரத்தில் கோணலாகச் செருகி ஒரு ஊசியை வளைத்துவிட்டேன். அதிலிருந்து கேபிள் லேசாக ஆடினாலும் விமானம் ஒரு குதி குதிக்கும்.

மூன்றாவது, இப்போதும் பயன்படுத்துவது, நேரடி யூஎஸ்பி. புது ரிமோட்டில் எட்ஜ்டிஎக்ஸ் என்ற இயக்க மென்பொருள் இருக்கிறது. கேபிளைச் செருகியதும் ஜாய்ஸ்டிக்கா, ஸ்டோரேஜா, சீரியலா என்று ரிமோட் திரையிலேயே கேட்கும். ஜாய்ஸ்டிக் என்று சொன்னால் போதும், டிரைவர் எதுவும் வேண்டாம்.

ஆனால் முதல் நாள் அந்தக் கேள்வியே வரவில்லை. செருகுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. கணினியை அணைத்துப் போட்டேன், ரிமோட்டின் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கலாமா என்றுகூட யோசித்தேன். இரண்டு மணி நேரம் போன பிறகுதான் கேபிளை மாற்றிப் பார்க்கத் தோன்றியது. அது ஏதோ ஒரு சாதனத்தோடு வந்த சார்ஜிங் கேபிள், மின்சாரத்துக்கான கம்பி மட்டும் உள்ளே இருக்கிறது, தகவல் போக வழியே இல்லை. இப்போது சரியான கேபிளின் மேல் ஒரு துண்டு சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். சில ரிமோட்களில் சார்ஜுக்கு ஒரு யூஎஸ்பி துளை, தகவலுக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைந்த பிறகு முதல் வேலையாக ‘சிம்’ என்று ஒரு தனி மாடல் உருவாக்கினேன். அதில் இரண்டு ஸ்டிக்குகளின் நான்கு அசைவுகளும் நேராக நான்கு சேனலுக்குப் போகும், எக்ஸ்போ (நடுப்பகுதியில் ஸ்டிக்கை மென்மையாக்கும் அமைப்பு) இல்லை, மிக்ஸ் (ஒரு கட்டுப்பாடு இன்னொன்றையும் சேர்த்து அசைக்கும் அமைப்பு) இல்லை, டிரிம் எல்லாம் பூஜ்யம். ரேடியோ அலை பரப்பும் பகுதியையும் அந்த மாடலில் அணைத்துவிட்டேன். மேஜை மேல் உட்கார்ந்துகொண்டு யாருக்கு சிக்னல் அனுப்பப் போகிறோம்? பேட்டரியும் மிச்சம். எக்ஸ்போ வேண்டுமென்றால் சிமுலேட்டருக்குள் வையுங்கள். இரண்டு இடத்திலும் வைத்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, நடுவில் ஸ்டிக் செத்தது போலவும் ஓரத்தில் வெறி பிடித்தது போலவும் ஆகிவிடும்.

சேனல் வரிசையும் ஒருமுறை கழுத்தை அறுத்தது. ஃபூட்டாபா நிறுவன ரிமோட்டுகளின் வழக்கத்தில் எலரான், எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), த்ராட்டில் (மோட்டார் வேகம்), ரட்டர் (வாலால் திருப்புவது) என்று வரும். ஸ்பெக்ட்ரம், ஜேஆர் வழக்கத்தில் த்ராட்டில் முதலில். பெரும்பாலான சிமுலேட்டர்களில் எந்த ஸ்டிக் எதற்கு என்று நாமே சொல்லிக்கொடுக்கலாம், ஆனால் சிலவற்றில் முன்கூட்டியே ஒரு வரிசையை அனுமானித்து வைத்திருப்பார்கள். த்ராட்டில் கொடுத்தால் விமானம் உருண்டால் இதுதான் காரணம்.

கேலிப்ரேஷனில், அதாவது ஸ்டிக்கின் நடுவையும் கோடிகளையும் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையில், நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். ‘எல்லா ஸ்டிக்கையும் நடுவில் வைக்கவும்’ என்று திரை கேட்டது. த்ராட்டில் தவிர மற்ற மூன்று அசைவுகளும் ஸ்பிரிங் இருப்பதால் தானாக நடுவுக்கு வந்துவிடும். த்ராட்டில் ஸ்டிக் மட்டும் விட்ட இடத்திலேயே நிற்கும், அதைக் கீழேயே விட்டுவிட்டு ஓகே அழுத்திவிட்டேன். கீழ்க்கோடியையே நடு என்று அது பதிந்துகொண்டது. விளைவு, த்ராட்டிலை முழுக்கக் கீழே இழுத்தும் மோட்டார் பாதி வேகத்தில் ஓடிக்கொண்டே இருந்தது, விமானம் தரையிறங்க மறுத்தது. கேலிப்ரேஷன் முடிந்ததும் ஒவ்வொரு ஸ்டிக்கையும் மூலைக்கு மூலை சுற்றி, திரையில் பட்டைகள் முழுதாகப் போய் வருகின்றனவா என்று பார்க்காமல் நான் இப்போது எதையும் ஓட்டுவதில்லை.

ட்ரோன் பக்கம் போனபோது வந்த சிக்கல் வேறு. சிமுலேட்டரை ஸ்டீம் என்ற கணினி விளையாட்டுத் தளம் வழியாகத் திறந்தால், ஸ்டீம் நம் ரிமோட்டை ஒரு கேம்பேட் என்று நினைத்துக்கொண்டு இடையில் புகுந்து சேனல்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றலாம். அந்த விளையாட்டுக்கு மட்டும் ஸ்டீம் இன்புட்டை அணைத்ததும் சரியானது. ட்ரோன் மோட்டார்களை இயங்க அனுமதிக்கும் ஆர்ம் ஸ்விட்சும் அப்படித்தான். எட்ஜ்டிஎக்ஸின் வழக்கமான ஜாய்ஸ்டிக் முறையில் முதல் 8 சேனல்கள் அச்சுகளாகவும் (ஸ்டிக் போலத் தொடர்ந்து மாறும் மதிப்பு), அதற்கு மேலுள்ளவை பட்டன்களாகவும் போகின்றன. ஐந்தாம் சேனலில் வைத்த ஸ்விட்சை சிமுலேட்டர் கண்டுகொள்ளவில்லையென்றால் ஒன்பதுக்கு நகர்த்திப் பாருங்கள்.

கம்பியில்லாமலும் முயன்றேன். எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ இணைப்பு முறை இருக்கும் சில ரிமோட்களை ப்ளூடூத் ஜாய்ஸ்டிக்காக மாற்றலாம். நிதானமான பயிற்சி விமானத்துக்குப் பரவாயில்லை. வேகமான ட்ரோனில் கை போன பிறகு படம் வருவது போல எனக்குத் தோன்றியது, கேபிளுக்கே திரும்பிவிட்டேன்.

இத்தனை பாடுபட்டதற்குப் பலன் இருந்ததா? இருந்தது, குறிப்பாக ஒரு விஷயத்தில். விமானம் நம்மை நோக்கி மூக்கைத் திருப்பி வரும்போது இடமும் வலமும் தலைகீழாகிவிடும். இதை மைதானத்தில் பழகியிருந்தால் எத்தனை விமானத்தைத் தரையில் குத்தியிருப்பேனோ தெரியாது. பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டரில் இந்த ஒன்றையே மாலைதோறும் அரை மணி நேரம் செய்தேன். நம் சொந்த ரிமோட்டிலேயே பழகியதுதான் இதில் பெரிய லாபம். ஸ்பிரிங்கின் இறுக்கம், ஸ்விட்ச் இருக்கும் இடம் எல்லாம் விரலுக்கு ஏற்கெனவே தெரிந்துவிடுகிறது. கேம்பேடில் பழகி வந்த நண்பர் ஒருவர் நிஜ ரிமோட்டைப் பிடித்ததும் த்ராட்டில் நடுவுக்குத் திரும்பாததைப் பார்த்துத் திகைத்துப்போனார்.

செலவும் ஒன்று உண்டு, தேய்மானம். மைதானத்தில் பறக்கும் நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் சிமுலேட்டரில் ஸ்டிக் ஆடுகிறது. பழைய ரிமோட்டின் ஸ்டிக்குகளுக்கு அடியில் இருந்தவை உரசி வேலை செய்யும் பொட்டென்ஷியோமீட்டர்கள். மூன்றாம் வருடம், கை வைக்காமலே திரையில் ரட்டர் பட்டை துடிக்கத் தொடங்கியது. புது ரிமோட்டில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார், உரசல் கிடையாது, இதுவரை துடிப்பும் இல்லை. இப்போது என் கவலை யூஎஸ்பி துளை மேல்தான். கேபிள் நேராக நீட்டிக்கொண்டு நிற்பதால் ரிமோட்டை மடியில் சாய்க்கும் ஒவ்வொரு முறையும் துளைக்கு ஒரு அழுத்தம். போன வாரம் வளைந்த முனை உள்ள கேபிள் ஒன்று வாங்கினேன், செருகுவதற்கு முன் அதில் தகவல் கம்பி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தது. சிவப்பு டேப் சுற்றியாயிற்று.