பாளையங்கோட்டையில் கேபிள் பிராட்பேண்ட்: சிக்னல் சரியான பிறகு எழுதுவது

போன வாரம்தான் எங்கள் வீட்டுக்கு டிவியும் நெட்டும் சேர்ந்து வரும் கேபிள் லைனை அடியோடு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது மோடத்தின் பக்கத்தைத் திறந்தால் டவுன்ஸ்ட்ரீம் (வீட்டுக்கு வருகிற சிக்னலின் பலம்) மைனஸ் 3 டிபிஎம்வி, எஸ்என்ஆர் (இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு கூடுதல் என்பது) 37, அப்ஸ்ட்ரீம் (மோடம் திருப்பி அனுப்புகிற சிக்னலின் பலம்) 44 என்று காட்டுகிறது. பார்க்கவே மனசு நிறைகிறது. இதே பக்கம் வெகுநாளாக மைனஸ் 13, எஸ்என்ஆர் 28, அப்ஸ்ட்ரீம் 52 என்று காட்டிக்கொண்டிருந்தது, அதை எடுத்துக் காட்டியும் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். பிளான், மாத வாடகை, மோடம் மாடல் எல்லாம் கேபிள் நெட் வைத்திருக்கிறவர்களுக்குத் தெரிந்ததே, அதற்குள் போகவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது சிக்னல் பற்றி மட்டும்தான்.

நெட் சுத்தமாக நின்றுபோனால் புகார் கொடுப்பது சுலபம். எங்களுக்கு அப்படி இல்லை. மோடத்தில் எல்லா விளக்கும் பச்சையாக எரியும், வாட்ஸ்அப் போகும், ஆனால் வீடியோ சுற்றிக்கொண்டே இருக்கும், மனைவியின் ஆபீஸ் மீட்டிங்கில் குரல் தந்தி அடித்த மாதிரி விட்டு விட்டு வரும். கேபிள்காரர்களைக் கேட்டால் "சாயங்காலம் எல்லாரும் பாக்காங்க அண்ணாச்சி, லோடு கூடுதல்" என்பார்கள். லோடு என்றால் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வேகம் குறைந்து விடியற்காலை சரியாகிவிட வேண்டும். எங்கள் வீட்டில் சித்திரை வெயிலில் மத்தியானம் குறையும், ஆனி ஆடிக் காற்று அடித்தால் குறையும், மழை பெய்து இரண்டு நாள் கழித்துக்கூடக் குறையும். வானிலையோடு சேர்ந்து வேகம் மாறுகிறது என்றால் கோளாறு லைனில்தான். அதைச் சொல்வதற்கு முன் வைஃபை மேல் பழி வரக்கூடாது என்று லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக மோடத்தில் சொருகியே சோதித்தேன். அதிலும் அதே கதை.

ஒவ்வொரு தடவையும் லைன் பார்க்க வருகிற தம்பி நேராக ஹாலுக்குப் போய் டிவியைப் போடுவார். "டிவி நல்லாத்தான வருது?" என்பார். அப்புறம் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்வார், கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அவர் தெரு முனை திரும்புவதற்குள் பழைய நிலைமை.

இந்த "டிவி நல்லா வருது" என்கிற பேச்சை யாரும் நம்ப வேண்டாம். செட்டாப் பாக்ஸுக்கு வாங்கிக்கொள்கிற வேலை மட்டும்தான். அதிலும் டிஜிட்டல் சிக்னல் ஓரளவு கெட்டுப்போனாலும் பிழையைத் தானே திருத்திக்கொண்டு படத்தை முழுசாகக் காட்டிவிடும், விளிம்பைத் தாண்டினால்தான் கட்டம் கட்டமாக உடையும். மோடம் திரும்பப் பேசவும் வேண்டும். போகிற வழியில் இழப்பு கூடக் கூட அது தன் குரலை உயர்த்திக்கொண்டே போகும், அந்த 52 என்பது ஆற்றுக்கு அக்கரையில் நிற்கிறவரைக் கூப்பிடத் தொண்டை கிழியக் கத்துவது மாதிரி. அதற்கு மேல் உயர்த்த அதனிடம் தெம்பு இல்லை. பதில் வராமல் போனால் மோடத்தின் பதிவேடான லாக்கில் டி3 டைம்அவுட் என்று விழும். நாம் டவுன்லோடு செய்யும்போதும் "வந்து சேர்ந்தது" என்கிற ரசீதுகள் அப்ஸ்ட்ரீமில்தான் போகின்றன, அவை தொலைந்தால் டவுன்லோடும் சேர்ந்து படுத்துவிடும்.

டவுன்ஸ்ட்ரீமில் வேறொரு தொல்லை. 256 க்யூஏஎம் என்கிற முறையில் ஒவ்வொரு தடவையும் 8 பிட் அடுக்கி அனுப்புகிறார்கள், அதைப் பிரித்தறிய எஸ்என்ஆர் 33க்கு மேல் இருந்தால் நிம்மதி, 30க்குக் கீழே போனால் திருத்த முடியாத பிழைகள் குவியும். அப்படிக் கெட்டுப்போன பாக்கெட்டை (தகவல் துண்டை) மறுபடி அனுப்ப வேண்டும், அனுப்புகிற சர்வர் வழியில் நெரிசல் என்று நினைத்து வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். இணைப்பு உயிரோடு இருந்தும் நெட் ஊர்வது இதனால்தான். இன்னொன்று, கேபிளில் உயர் அலைவரிசைக்கு இழப்பு அதிகம், அதனால் மேலே உள்ள சானல்கள் முதலில் செத்துப்போகும். எட்டு சானலைச் சேர்த்து ஓட வேண்டிய மோடம் மிச்சம் இருக்கிறதை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும்.

இதெல்லாம் பார்க்க மீட்டர் தேவையில்லை. பெரும்பாலான கேபிள் மோடங்களில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் பக்கம் திறக்கும். டவுன்ஸ்ட்ரீம் மைனஸ் 7க்கும் பிளஸ் 7க்கும் நடுவில் இருந்தால் நல்லது. கேபிள் மோடத்துக்கான ஸ்டாண்டர்ட் மைனஸ் 15 வரை அனுமதிக்கிறது, ஆனால் அந்த விளிம்பில் நிற்கிற லைன் ஒரு மழை தாங்காது. அப்ஸ்ட்ரீம் 50ஐத் தாண்டினால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

போன வாரம் வந்தவர் வேறு ஆள், வயதானவர், மீட்டரோடு வந்தார். டிவி பக்கமே போகவில்லை. முதலில் டிவிக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்த சிக்னலை மூன்றாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரைக் கையில் எடுத்துத் திருப்பினார். ஒரு வாய்க்குப் பக்கத்தில் 3.5 டிபி, மற்ற இரண்டுக்கும் 7 டிபி என்று பொறித்திருந்தது, அந்த வாயில் சிக்னல் எவ்வளவு இழக்கும் என்கிற கணக்கு அது. 3.5 உள்ளது டிவிக்குப் போயிருந்தது, மோடம் 7இல். கனெக்‌ஷன் கொடுத்த அன்றைக்கே இப்படித்தான் சொருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டையும் மாற்றிச் சொருகிய உடனே மோடத்தின் பக்கத்தில் மைனஸ் 13 என்று இருந்தது மைனஸ் 10 ஆனது. "இது ஒண்ணுல்ல அண்ணாச்சி, மேல வேற இருக்கு" என்று மாடிக்குப் போனார்.

மாடியில் கைப்பிடிச் சுவரோரம் ஒரு ஜாயின்ட், கறுப்பு டேப் சுற்றியது. டேப்பைப் பிரித்ததும் தண்ணீர் சொட்டியது. கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சைக் களிம்பு, நடுக்கம்பியில் செம்புப் பூச்சு போய் இரும்பு கறுத்துக் கிடந்தது, மேலே சுற்றிய வலைக்கம்பி விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது பெய்த மழையை நம்மூரில் யாரும் மறக்க முடியாது, இந்த ஜாயின்ட் அதற்கும் முன்னாலேயே போட்டது. டேப் தண்ணீரைத் தடுப்பதில்லை, உள்ளே போனதைக் காயவும் விடுவதில்லை, அது வலைக்கம்பி வழியே கேபிளுக்குள் ஊறிக்கொண்டே போகும். வலைக்கம்பி உதிர்ந்த அந்த ஓட்டை வழியே வெளி இரைச்சலும் உள்ளே ஏறும்.

அவர் போஸ்டிலிருந்து வீடு வரை புது ஆர்ஜி6 கேபிளை ஒரே நீளமாக இழுத்தார், நடுவில் ஜாயின்ட்டே இல்லை. இடுக்கியால் நசுக்குகிற மலிவு கனெக்டர் இல்லாமல் சுற்றிலும் அழுத்தி இறுக்குகிற கம்ப்ரஷன் கனெக்டர் போட்டார். வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றினார், மழைத்தண்ணீர் வழிந்து வந்தாலும் அங்கேயே சொட்டிவிடும். அவர் கை வேலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன், அத்தனை சுத்தம். இந்த மனுஷர் முதல் புகாருக்கே வந்திருந்தால் எங்கள் வீட்டில் எத்தனை சண்டை மிச்சமாகியிருக்கும்!

நடுவில் ஒருத்தர் டிவி பூஸ்டர் ஒன்றை வாங்கி மாட்டச் சொன்னார். தயவுசெய்து வேண்டாம். அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்கும், போதாததற்கு மலிவு பூஸ்டர்கள் பல திரும்பிப் போகும் அலைவரிசையை விடவே விடாது, மோடம் மொத்தமாக ஆஃப்லைன் ஆகிவிடும்.

சரி, இப்போது எப்படி? அருமையாக ஓடுகிறது. வாங்கின பிளானின் வேகம் மத்தியான வெயிலிலும் வருகிறது, ஆபீஸ் மீட்டிங் அறுபடவில்லை, மாத வாடகையும் குறைவு, கேபிள்காரர்கள் ஆபீஸ் நடக்கிற தூரத்தில் இருப்பதால் போய் நின்று கேட்க முடிகிறது. தியாகராஜ நகரில் புது வீடு கட்டிப் போகிற மச்சினன் "அத்தான், உங்க நெட்டையே எடுக்கவா?" என்று கேட்டபோது இத்தனையையும் சொல்லிவிட்டு, எடுக்காதே மாப்ள என்றேன். அவனுக்குக் குழப்பம். நான் யோசித்துத்தான் சொன்னேன். கோளாறு லைனில் இருக்க, மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்தே காலத்தை ஓட்டுகிறவர்களிடம் புதிதாக ஒருத்தனை எப்படி அனுப்புவது? தெருவில் தொங்குகிற, சிக்னலைப் பெருக்கும் ஆம்ப் கரண்டில் ஓடுகிறது, பராமரிப்புக்கு என்று மின்சாரத்தை நிறுத்துகிற அன்றைக்கு நம் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் பெரும்பாலும் நெட் இருக்காது. கண்ணாடி இழையில் வெளிச்சமாக வருகிற ஃபைபரில் தெருவோடு கரண்ட் தேவைப்படுகிற பெட்டி இல்லை, செம்பும் களிம்பும் இல்லை.

நான் இப்போதைக்கு மாற்றப்போவதில்லை, இவ்வளவு நல்ல லைனை இழுத்துக் கொடுத்த பிறகு மனசு வரவில்லை. அவனை ஃபைபர் போடச் சொல்லியிருக்கிறேன், அங்கேயும் வேகத்தை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாமல், மாட்டி முடித்ததும் ஆர்எக்ஸ் பவர் (வீட்டுக்கு வந்து சேரும் வெளிச்சத்தின் பலம்) எவ்வளவு என்று மீட்டரில் காட்டச் சொல்லிக் குறித்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். மைனஸ் 25 டிபிஎம்முக்குக் கீழே போயிருந்தால் அன்றைக்கே, பணம் கொடுப்பதற்கு முன்னால், சரிசெய்து வாங்க வேண்டும்.