மலைக்கு எந்த ரேடியோ: கேட்டுப் பேசுவதா, முறை வைத்துப் பேசுவதா?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட். ஃபேக்டரிக் கூரையில் ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. அதைப் பார்த்தபடி மூன்று டிவிஷன் ஆபீஸ்களிலும் மேனேஜர் பங்களாவிலும் ஒவ்வொன்று. ஐபி போன், கேமரா எல்லாம் இதே இணைப்பில்தான். பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். சாயங்காலம் இலை எடை போடும்போதுதான் வம்பு. "ஆயிரத்து நா... கிலோ சார்." நானூறா, நாற்பதா? திரும்பக் கேட்டால் திரும்பவும் அதே இடத்தில் வெட்டும்.

எடை போட ஆள் கூடியதும், அசைவைக் கண்டால் படம் அனுப்பும் கேமராக்கள் மூன்று டிவிஷனிலும் ஒன்றாக விழித்துக்கொள்ளும். அதுதான் காரணம். குரல் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்டாக, அதாவது சின்னத் துண்டாக, போகிறது. பிந்தி வந்த பாக்கெட்டும் தொலைந்த பாக்கெட்டும் காதுக்கு ஒன்றுதான்.

கேபிள் போட்டு நல்ல ஸ்விட்ச் வைத்தால் பாக்கெட்டுகள் ஒன்றோடொன்று மோதும் என்ற பேச்சே இல்லை. மூன்று பள்ளத்தைத் தாண்டி ஃபைபர் இழுக்க எங்களிடம் காசு இல்லை, அவ்வளவுதான்.

மிச்சம் இரண்டு வழி. முதலாவது, சாதாரண வைஃபையின் சிஎஸ்எம்ஏ: சேனலில் யாராவது பேசுகிறார்களா என்று கேள், அமைதியாக இருந்தால் குத்துமதிப்பாகக் கொஞ்சம் பொறுத்து அனுப்பு. எந்தக் கம்பெனி ரேடியோவும் எதனுடனும் பேசும். ஒன்று பழுதானால் குன்னூர் போய் வேறொன்று வாங்கி மாட்டிவிடலாம். சமவெளியில் இருந்திருந்தால் இதோடு நிறுத்தியிருப்பேன்.

மலையில் இது சறுக்குவது ஒரே இடத்தில். எங்கள் மூன்று டிவிஷன்களுக்கும் ஃபேக்டரி தெரியும். ஆனால் ஒன்றுக்கொன்று நடுவே முகடு. ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்காது; சேனல் காலி என்று நம்பி இருவரும் அனுப்ப, ஃபேக்டரி ஆன்டெனாவில் இரண்டும் மோதும். 1971இல் ஹவாய்த் தீவுகளில் ஓடத் தொடங்கிய அலோஹாநெட்டில் யாரையும் கேட்காமலேதான் அனுப்பினார்கள். அந்த முறையில் சேனலில் உருப்படியாகப் போவது அதிகபட்சம் 18 சதவீதம் என்பது கணக்கு. காசு கொடுத்துப் புது ரேடியோ வாங்கி, பாதி தூரம் அங்கேயே போய் நின்றோம்.

ஒட்டுப்போட்டும் பார்த்தேன். குரலுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூஎம்எம், அனுப்புமுன் காத்திருக்கும் எல்லையை 15 குட்டி நேரக் கட்டத்திலிருந்து 3 ஆகக் குறைக்கிறது. ஒருவரையொருவர் கேட்காத இரண்டு போன்கள் அவசரப்பட்டால் இன்னும் சீக்கிரம் மோதும், வேறென்ன? ஆர்டிஎஸ், சிடிஎஸ் தேவலை: அனுப்புமுன் ஃபேக்டரியிடம் அனுமதி கேட்க வேண்டும், 'சரி, அனுப்பு' என்ற பதில் எல்லா டிவிஷனுக்கும் கேட்கும். ஆனால் 200 பைட் குரல் பாக்கெட்டுக்கெல்லாம் ஒரு கேள்வி, ஒரு பதில் என்றால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அப்புறம்தான் இரண்டாவது வழிக்கு மாறினேன்: முறை வைத்துப் பேசும் டிடிஎம்ஏ. பர்லியார் பக்கம் மண் சரிந்து ஒரு வண்டி போகத்தான் இடம் என்றால் போலீஸ்காரர் என்ன செய்வார்? கொஞ்ச நேரம் ஏறுகிற வண்டி, கொஞ்ச நேரம் இறங்குகிற வண்டி. மேலே நிற்பவருக்குக் கீழே நிற்பவர் தெரியவே வேண்டாம், போலீஸ்காரர் தெரிந்தால் போதும். ஃபேக்டரி ரேடியோதான் எங்கள் போலீஸ்காரர். நாங்கள் போட்டது மைக்ரோடிக் கம்பெனியின் டிடிஎம்ஏ முறையான என்வி2. ஒரு சுற்று 2 மில்லிசெகண்ட். அதை நீட்டினால் வேகம் கூடும், தாமதமும் கூடும். போன் இருப்பதால் நீட்டவில்லை.

குறையும் உண்டு. யூபிக்விட்டி என்ற வேறு கம்பெனியின் ஏர்மேக்ஸும் டிடிஎம்ஏதான், ஆனால் இதனுடன் பேசாது. எல்லா ரேடியோவும் ஒரே தயாரிப்பாக இருந்தாக வேண்டும் என்பதால் உபரியாக ஒன்று பீரோவில் தூங்குகிறது. என்வி2 பக்கத்துக்காரர் பேசுகிறாரா என்று காது கொடுப்பதும் இல்லை. எஸ்டேட்டில் பக்கத்துக்காரர் என்றால் காட்டெருமைதான். ஊட்டி ஓட்டல்களுக்கு நடுவே இது இப்படியே ஓடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நான்கு கிளைக்கு மேல் ஓட்டிய அனுபவமும் எனக்கில்லை.

இப்போது எடை நேரத்தில் கேமராப் படம்தான் சில நொடி பிந்தி வருகிறது. அதற்காக யாரும் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில்லை.